மூலையில் இருக்கும் பெயர்

தறியும் குடியரசும் – 7

சென்ற வாரம் 1810இல் நிறுத்தியிருந்தோம். நகரங்களுக்கு வெளியே வாழும் அமெரிக்கர்கள் உடுத்துவதிலும் வீட்டில் புழங்குவதிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு துணி அவரவர் குடும்பங்களிலேயே உண்டாகிறது என்று நிதித்துறைச் செயலர் ஆல்பர்ட் காலட்டின் அந்த ஆண்டு அறிக்கை கொடுத்தார். அதே அறிக்கை பருத்தி நூற்பாலைகள் பெருகிவருவதையும் சொன்னது. இரண்டும் எப்படி ஒன்றாக நடந்தன என்பதைப் பார்த்தோம். 1790இல் ரோட் ஐலண்டின் பாடக்கெட்டில் சாமுவேல் ஸ்லேட்டர் தொடங்கிவைத்த எந்திர நூற்பு, வீட்டுத் தறியின் கழுத்தை நெரிக்கவில்லை. கொஞ்ச காலத்துக்கேனும் அதற்குத் தீனி போட்டு வளர்த்தது. ஆலை நூல் மலிவாகக் கிடைத்ததால்தான் பண்ணை வீடுகள் முன்பைவிட அதிகமாக நெய்தன.

இந்த வாரம் ஒரு விரிப்பின் மூலையிலிருந்து தொடங்குவோம்.

* * *

அமெரிக்கர்கள் ‘கவர்லெட்’ என்று சொல்வது, கட்டிலில் போர்வைகளுக்கெல்லாம் மேலே கிடக்கும் நெய்த விரிப்பை. துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ‘குவில்ட்’ வேறு. அதில் ஊசிதான் எல்லாம். இதில் ஊசிக்கு நடுத்தையல் ஒன்றுதான் வேலை, கோலம் முழுவதும் தறியில் பிறப்பது. பாவு வெள்ளைப் பருத்தி. உருவம் காட்டும் நூல் சாயமேற்றிய கம்பளி, பெரும்பாலும் நீலம். 1830களிலும் 1840களிலும் நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹாயோ, இந்தியானா மாநிலங்களில் நெய்த விரிப்புகளில் நடுவே ரோஜாக்கள், ஓரங்களில் கழுகுகள், பறவைகள், மரங்கள், சிலவற்றில் கட்டடங்கள். கீழ் மூலையில் ஒரு கட்டம். அதற்குள் பெரும்பாலும் ஒரு பெண்ணின் பெயர், ஓர் ஆண்டு, சில நேரம் மாவட்டத்தின் பெயர்.

அந்தப் பெயரை வைத்துத்தான் ஒரு பெரிய கதை கட்டப்பட்டது. பாட்டி ஆடு வளர்த்தாள், கம்பளி கத்தரித்தாள், நூற்றாள், சாயம் போட்டாள், குளிர்காலம் முழுவதும் தறியில் உட்கார்ந்து நெய்தாள், கடைசியில் தன் பெயரைப் பொறித்தாள். வம்சம் வம்சமாக வீடுகளில் சொல்லப்பட்ட இந்தக் கதையை விரிப்போடு சேர்த்தே அருங்காட்சியகங்களும் வாங்கி வைத்துக்கொண்டன. ஆனால் விரிப்பின் மூலையைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் கதை இடறுகிறது. சில விரிப்புகளில் ஒரு மூலையில் எழுத்துகள் நேராக இருக்கும், மறுமூலையில் அதே எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி நிற்கும். விரிப்பைப் புரட்டினால் நீலம் இருந்த இடத்தில் வெள்ளையும் வெள்ளை இருந்த இடத்தில் நீலமுமாகப் பெயர் தலைகீழ் நிறத்தில் தெரியும். ஊசியால் போட்ட பெயருக்கு இந்த இரண்டு கோளாறுகளும் வராது. எழுதுகிறவள் கையால் எழுதியதல்ல அது. ஒரு கருவி பாவு இழைகளைத் தூக்கி இறக்கியதில் வந்து விழுந்தது. அப்படிப்பட்ட கருவி பண்ணை வீட்டின் சமையற்கட்டில் இருந்ததில்லை.

பின்னாளில் ஆய்வாளர்கள் நெசவாளர்களின் கணக்கேடுகளையும் ஊர்ப் பத்திரிகை விளம்பரங்களையும் நிலப் பத்திரங்களையும் மக்கள்தொகைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விடை தெளிவானது. மூலைகளில் இருக்கும் பெயர்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சில நெய்தவரின் பெயர், சில வாங்கியவரின் பெயர், சிலவற்றில் இரண்டும். பெண் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை வாங்கியவருடையவை. நெய்தவர் காசுக்கு நெய்த ஓர் ஆண். ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ ஜெர்மானிய நாடுகளிலோ தொழில் பழகி வந்தவர், அல்லது அப்படி வந்தவரிடம் கற்றவர். இந்த விரிப்பு தன்னிறைவுப் பண்ணையின் எச்சம் அல்ல என்பதே இந்த வாரத்தின் வாதம். அது சந்தையின் பிள்ளை. ஆலை, அடுப்படி, கூலித்தறி மூன்றும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

* * *

வாதத்துக்கு நியாயம் செய்யவேண்டுமானால் முதலில் ஒரு பெண் வீட்டுத் தறியில் எதை நெய்ய முடிந்தது என்று பார்க்கவேண்டும். அது சின்னக் காரியமில்லை.

‘ஓவர்ஷாட்’ என்ற முறைக்கு நான்கு விழுதுக்கட்டு உள்ள சாதாரணத் தறி போதும். ஒன்றையும் மூன்றையும் தூக்கி ஒரு மெல்லிய பருத்தி ஊடை, இரண்டையும் நான்கையும் தூக்கி இன்னொன்று. இது அடித்துணி, வேட்டி நெய்வது போன்ற வெற்று நெசவு. ஒவ்வொரு பருத்தி ஊடைக்கும் அடுத்ததாக வேறொரு நாடாவில் தடித்த கம்பளி நூல் ஓடும். அதற்கு விழுதுகளை அடுத்தடுத்த ஜோடிகளாகத் தூக்கவேண்டும்: ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-நான்கு, நான்கு-ஒன்று. கம்பளி சில இடங்களில் ஏழெட்டு பாவு இழைகளை ஒரே தாவலில் தாண்டி மேலே மிதக்கும். அங்கே அடர் நீலம். சில இடங்களில் முழுக்க அடியில் மறையும்; அங்கே வெள்ளை. இன்னும் சில இடங்களில் இழைக்கு இழை மேலும் கீழுமாகப் புகுந்து போகும். அங்கே வெளிர் நீலம். இரண்டே நிற நூல், கண்ணுக்குத் தெரிவது மூன்று நிறம். நான்கு விழுதில் இவ்வளவு சக்கரங்களும் நட்சத்திரங்களும் ரோஜாக்களும் எப்படி வருகின்றன என்று தறி தெரிந்தவர்களே வியப்பது இதனால்தான்.

சூட்சுமம் முழுவதும் பாவைக் கோர்ப்பதில் இருக்கிறது. அங்குலத்துக்கு 25 இழை என்று வைத்துக்கொண்டாலும் 40 அங்குல அகலத்துக்கு 1000 இழை. ஒவ்வொன்றும் எந்த விழுதுக்கண்ணில் போகவேண்டும் என்பது ஒரு நீளமான காகிதக் கீற்றில் குறிக்கப்பட்டிருக்கும். நான்கு கோடுகள், அவற்றில் எண்களோ சிறு கீறல்களோ. சங்கீதம் எழுதிய தாள்போலத் தோன்றும். கோர்த்துக்கொண்டே வரும்போது இடையில் பிள்ளை அழுதால், அடுப்பு அணைந்தால், எந்த இடத்தில் விட்டோம் என்பதற்கு ஒரு குண்டூசியைக் காகிதத்தில் குத்திவைத்துவிட்டு எழுந்து போவார்கள். இன்று கிடைக்கும் பழைய கீற்றுகளில் அந்த ஊசித் துளைகள் வரிசையாக இருக்கின்றன. நூல் சேர்த்துத் தைத்து நீட்டியவை, சுருட்டிக் கட்டியவை, வேறு கணக்கு எழுதிய தாளின் பின்புறத்தில் எழுதியவை என்று பல விதம். கோர்த்து முடித்தபின் மிதிப்பதற்குத் தனிக் குறிப்பு வேண்டியதில்லை. எந்த வரிசையில் கோர்த்தாளோ அதே வரிசையில் மிதித்தால் போதும். உருவங்கள் சதுரமாக வந்து சேரும், ஒரு கோணத்திலிருந்து எதிர்க்கோணத்துக்கு ஒரு நேர்கோடு துணி முழுக்க ஓடும். அந்தக் கோடு வளைந்தால் எங்கோ மிதி தவறிவிட்டது என்று அர்த்தம். அடிக்கும் கை ஒரே சீராக இருந்ததா என்பதற்கும் அதுதான் சாட்சி. தறியின் அகலம் கை நாடாவை எட்டி வாங்கும் தூரத்துக்கு மேல் போகாது. எனவே விரிப்பை இரண்டு பாதியாக நெய்து நடுவில் சேர்க்கவேண்டும். முதல் பாதியை அழுத்தி அடித்து, இரண்டாம் பாதியைச் சற்றே தளர அடித்திருந்தால் தையலில் சக்கரங்கள் ஒன்றோடொன்று சேராது. அரை விரல் விலகி நிற்கும்.

இந்த முறையில் நேர்கோடும் படியும் வரும், வளைவு வருவதுபோன்ற ஒரு தோற்றமும் வரும். ஆனால் ஒரு கழுகின் அலகு வராது. ‘க’ என்ற எழுத்தோ ‘ஏ’ என்ற எழுத்தோ வரவே வராது. நான்கு விழுதில் ஒரே கூட்டமாகத் தூங்கி எழும் இழைகளை, எழுத்தின் வளைவுக்காகத் தனித்தனியே எழுப்ப வழியில்லை. பெயர் உள்ள விரிப்பு பாட்டியின் தறியிலிருந்து வந்திருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்ல இந்த ஒரு காரணமே போதும்.

சரி, பெயரில்லாத ஓவர்ஷாட் விரிப்பாவது தன்னிறைவின் சின்னமா? அதன் நூலைப் பிரித்துப் பார்ப்போம். பாவுப் பருத்தி ஒஹாயோவில் விளைவதில்லை. 1793இல் விட்னியின் விதை நீக்கும் எந்திரம் வந்தபின் தெற்கில் அடிமைகள் விளைவித்து, வடக்கின் ஆலைகள் நூற்று, கடையில் சிட்டமாக விற்றது. கம்பளி அவள் ஆட்டினுடையதாக இருக்கலாம். ஆனால் அதைச் சிக்கெடுத்துத் திரியாக்க, 1800ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து ஊர் ஓடைக்கரையில் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடிய எந்திரத்துக்கு மூட்டை கட்டி அனுப்பினார்கள். கையால் நாள்கணக்கில் சீவவேண்டிய வேலை அங்கே சில மணியில் முடிந்தது. நீலமோ இன்னும் தூரத்திலிருந்து வந்தது. தென் கரோலினாவின் அவுரித் தோட்டங்கள் பிரிட்டனின் மானியத்தில் வாழ்ந்தவை. விடுதலைப் போரில் மானியம் போனது, தோட்டங்கள் நெல்லுக்கும் பருத்திக்கும் மாறின. பிறகு உலகச் சந்தையைப் பிடித்தது வங்காளத்து அவுரி. பாஸ்டன், சேலம் துறைமுகக் கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து ஏற்றிவந்த நீலக்கட்டி, நடைவியாபாரியின் பெட்டி வழியாக உள்நாட்டுப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அடுப்பங்கரை ஓரத்தில், மூடிபோட்ட ஜாடியில், புளித்த மூத்திரத்தில் கரைந்து கிடந்தது. அந்த நாற்றமும் வேலையும் முழுக்க அவளுடையவை. நிறம் மட்டும் கடல்கடந்த வியாபாரம்.

* * *

திருப்பம் 1820களில் வருகிறது.

நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்சு மாவட்டத்தில் லிட்டில் பிரிட்டன் என்ற சிற்றூர். ஜேம்ஸ் அலெக்சாண்டர் என்ற குடியேறி அங்கே பண்ணையும் வைத்திருந்தார், தறியும் வைத்திருந்தார். அவருடைய கணக்கேடு தப்பிப் பிழைத்திருக்கிறது. இந்த வரலாற்றுக்குக் கிடைத்த அதிர்ஷ்டங்களில் அதுவும் ஒன்று. வெற்றுத்துணி, கட்டம் போட்ட துணி என்று போகும் பதிவுகளுக்கு நடுவே, 1820களின் தொடக்கத்தில் பூவேலை விரிப்புகள் தலைகாட்டுகின்றன. அதே வட்டாரத்தில் அந்தப் பத்தாண்டில் நெய்த விரிப்புகளில் உழவும் கைத்தொழிலுமே நம் விடுதலைக்கு அடித்தளம் என்ற பொருளில் ஒரு வாசகம், பக்கத்தில் ஜூலை 4 என்ற நாள், லஃபாயெட்டின் பெயர். விடுதலைப் போரின் பிரெஞ்சுத் தளபதி 1824இலும் 1825இலும் அமெரிக்காவைச் சுற்றிவந்த நேரம் அது. படுக்கை விரிப்பில் அரசியல் வாசகம் எழுதக்கூடிய தறி வந்துவிட்டது என்பதே செய்தி.

எந்தத் தறி? இந்தக் கேள்விக்கு உடனே ‘ஜக்கார்டு’ என்று பதில் சொல்லிவிடுவது வழக்கம். கொஞ்சம் பொறுக்கவேண்டும். லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டின் கருவி பிரான்சில் 1804இல் உருவானது. அமெரிக்காவுக்கு அதைக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் பிலடெல்பியாவின் ஹார்ஸ்ட்மன் அதைப் பெற்றது 1820களின் நடுப்பகுதியில். அதற்கு முன்பே தேதியிட்ட உருவ விரிப்புகள் இருக்கின்றன. ஆகவே தொடக்க கால நெசவாளர்கள், ஆள் உட்கார்ந்து கயிறிழுக்கும் பழைய இழுதறியையோ அதைப் போன்ற வேறு அமைப்பையோ வைத்து நெய்திருக்கவேண்டும். ஒரு கருவி வந்தது, ஒரு கலை பிறந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. தேதிகள் இடம் கொடுக்கவில்லை. கேட்பவர்கள் முதலில் உருவானார்கள். கருவி பின்னால் வந்து வேலையை மலிவாக்கியது.

ஜக்கார்டு என்ன செய்தது என்பதைக் காஞ்சிபுரத்தில் சேலைக்கரை ஏற்றுகிறவருக்கு விளக்கவேண்டியதில்லை. அதே பெட்டிதான், அதே துளை போட்ட அட்டைகள்தான். அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதனோடு பிணைந்த கொக்கி மேலே வரும், அந்தக் கொக்கியில் தொங்கும் இழைகள் எழும். துளை இல்லையென்றால் இழை கிடந்த இடத்தில் கிடக்கும். ஒரு மிதிக்கு ஓர் அட்டை. ரோஜாவுக்கு ஒரு மாலை அட்டை, ஓரத்துக் கழுகுக்கு ஒரு மாலை. வாடிக்கையாளர் மாறும்போது மூலைக் கட்டத்துக்கான சில அட்டைகளை மட்டும் புதிதாகத் துளையிட்டால் பெயர் மாறிவிடும். இன்று நமக்குத் தனிமனிதக் கையெழுத்துபோலத் தோன்றும் அந்தப் பெயர், உண்மையில் அந்தத் தறியில் மிக எளிதாக மாற்றக்கூடிய உதிரிப்பாகம். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்த கூடுதல் சேவை என்றுகூடச் சொல்லலாம். நியூயார்க் ஜெஃபர்சன் மாவட்டத்தின் ஹாரி டைலர் முதலில் மூலையில் ஒரு சிங்கத்தையும் பிறகு கழுகையும் தன் அடையாளமாக வைத்தார். சிங்கம் எல்லாருக்கும் பொது. பக்கத்தில் இருக்கும் பெயர் ஆளுக்கு ஆள் மாறும்.

இந்த நெசவாளர்கள் ஏன் அந்தப் பத்தாண்டுகளில் வந்து குவிந்தார்கள்? அங்கேதான் வரலாறு தன் கிண்டலைக் காட்டுகிறது. பிரிட்டனில் விசைத்தறி பரவப்பரவக் கைத்தறிக் கூலி சரிந்தது. கிழக்கே தொழிலைப் பறித்த எந்திரப் புரட்சிதான் மேற்கே மலிவான நூலைக் கையில் கொடுத்தது. ஸ்காட்லாந்தின் கில்மார்னக் தரைக்கம்பளங்களுக்குப் பேர்போன ஊர். இரண்டு அடுக்கு துணியை ஒரே நேரத்தில் நெய்து, உருவம் வரும் இடங்களில் மேலடுக்கைக் கீழும் கீழடுக்கை மேலும் மாற்றிப் பின்னும் முறை அது. அங்கே பயின்ற வில்லியம் கிரெய்க் கடைசியில் இந்தியானாவின் டெகேட்டர் மாவட்டத்தில் தறி போட்டார், பிள்ளைகளும் அதே தொழிலுக்கு வந்தார்கள். தரைக்கம்பள நுட்பத்தைக் கட்டில்மேல் ஏற்றியவர்கள் இவர்கள். பென்சில்வேனியாவின் ஜெர்மானியர்கள் தங்கள் வழியில் வந்தார்கள்: ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளிறியும் இருக்கும் ‘கோடை-குளிர்’ நெசவு, இரண்டு அடுக்கை இடையிடையே முடிந்து வரிவரியாகத் தெரியவிடும் ‘பைடர்வாண்ட்’. 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் நியூயார்க்கின் நூலும் ஆட்களும் ஒஹாயோவை நோக்கி நகர்ந்தன. விரிப்புகளின் மூலையில் இருக்கும் மாவட்டப் பெயர்களைப் பத்தாண்டு வாரியாக வரைபடத்தில் குறித்தால் அவை மேற்கே நடந்துபோவது தெரியும்.

* * *

இதற்கு மூன்று மறுப்புகள் சொல்லப்படுகின்றன. மூன்றும் ஒரே தரத்தவை அல்ல.

முதலாவது, நெசவாளன் நாடோடி என்பது. தறியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய், வீட்டுக்காரி கொடுத்த நூலை அங்கேயே நெய்துவிட்டு, சாப்பாட்டுக்கும் கொட்டகைக்கும் நன்றி சொல்லிப் புறப்பட்டுவிடும் ஒரு மனிதர். பழைய நூல்களில் இவர் அடிக்கடி வருகிறார். ஜக்கார்டுப் பெட்டி ஏறிய ஒரு தறியின் எடையையும் உயரத்தையும் நினைத்துப் பார்த்தாலே இவர் கரைந்துவிடுகிறார். பாவு ஓட்டி, ஆயிரக்கணக்கான இழையைக் கட்டி, பெட்டியை நிறுத்தி ஒழுங்குசெய்யவே நாள்கள் ஆகும். ஒரு விரிப்புக்காக அதைப் பிரித்து மாட்டுகிறவன் பட்டினிதான் கிடப்பான். ஆவணங்கள் காட்டுவதும் அதையே. நிலம் வாங்கியிருக்கிறார்கள், வரி கட்டியிருக்கிறார்கள், பலரும் விதைப்பு அறுப்பு நேரங்களில் தறியை விட்டு வயலுக்குப் போயிருக்கிறார்கள். பத்திரிகை விளம்பரங்களில் எத்தனை ராத்தல் கம்பளி நூல், எவ்வளவு முறுக்கில் கொண்டுவரவேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளர் வந்தார், தறி போகவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பத்தோடு மேற்கே பெயர்ந்தவர்கள் உண்டு. குடிபெயர்வதும் ஊர் சுற்றுவதும் ஒன்றா?

இரண்டாவது மறுப்பு கனமானது. ஆண் நெசவாளரை முன்னால் கொண்டுவந்து பெண்ணை வெறும் வாடிக்கையாளராகச் சுருக்குவது இன்னொரு பொய்யாகிவிடாதா? ஆகும், இடமும் காலமும் பாராமல் சொன்னால். நியூ இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் போக்கிலேயே நெசவு ஆண் கைவினைஞர் கையிலிருந்து பெண்கள் கைக்கு மாறிவிட்டது. பென்சில்வேனியாவில் அது ஆண்களின் தொழிலாகவே நீடித்தது. தெற்கு மலைநாட்டில் ஓவர்ஷாட் நெய்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஜக்கார்டிலேயே இந்தியானாவின் ஃபவுண்டன் மாவட்டத்தில் சாரா லடூரெட் தன் தந்தையின் தறியில் தொழில் கற்று, சகோதரனோடு சேர்ந்து நெய்தாள். அவளைப் போன்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆனாலும் இருந்தாள். ‘வீட்டு நெசவு’ என்ற சொல் மறைக்கும் இன்னொரு கூட்டமும் உண்டு. வர்ஜீனியாவில் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் 1760களின் பிற்பகுதியில் நெசவுக்கூடம் நடந்தது. நூற்றவர்கள் அடிமைப் பெண்கள். விடுதலையான அடிமைகளிடம் 1930களில் பதிவுசெய்த வாக்குமூலங்களில், இரவில் இவ்வளவு நூல் நூற்று முடிக்கவேண்டும் என்ற கட்டளையும் சாயவேர் தோண்டிய நினைவும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் நெய்த விரிப்புகளின் மூலையில் அவர்கள் பெயர் இல்லை.

தறியில் உட்கார்ந்தவரை மட்டும் ‘செய்தவர்’ என்று சொல்லும் பழக்கத்தையும் கேள்வி கேட்கவேண்டும். ஒரு நெசவாளருக்கு நூல் கொடுக்கப் பல நூற்பவர்கள் வேண்டும் என்பது எந்தத் தறி ஊருக்கும் தெரிந்த கணக்கு. கம்பளியை நூற்று, முறுக்கேற்றி, நீல ஜாடியில் திரும்பத் திரும்ப முக்கி எடுத்தது அவள். அந்த உழைப்பின் நேரத்தோடு ஒப்பிட்டால் ஜக்கார்டுக்காரர் நெய்த நாள்கள் குறைவு. பெயர் அவளுடையது என்பதற்கு இன்னொரு வலுவான காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின்படி திருமணமான பெண்ணின் அசையும் பொருள்களெல்லாம் கணவனுக்குப் போய்விடும். மிசிசிப்பி 1839இலும் நியூயார்க் 1848இலும்தான் மனைவியின் சொத்துரிமைக்குச் சட்டம் இயற்றின. நிலம் மகனுக்கு, மாடு கணவனுக்கு, அவளுக்கென்று மிஞ்சுவது பெட்டியும் படுக்கையும் துணிமணியும். கல்யாணத்தை ஒட்டி எடுத்த ஒரு விரிப்பில், குடும்பப் பெயர் மாறுவதற்கு முந்தைய தன் பெயரை அவள் நெய்யச் சொல்லிக் காசு கொடுத்தால் அதை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. அழிக்கமுடியாதபடி துணியோடு துணியாகப் பின்னிய உரிமைப் பத்திரம் அது. நெய்தவள் என்று பேரன்கள் தப்பாகப் படித்தார்கள். உடையவள் என்று படித்திருக்கவேண்டும்.

மூன்றாவது மறுப்பு பெயர்களைப் பற்றியது. ஓவர்ஷாட் கோலங்களின் பெயர்களே நாட்டுப்புறத்தின் குரல் அல்லவா என்கிறார்கள்: பூனைத்தடமும் நத்தைப் பாதையும், தேர்ச்சக்கரம், விக் ரோஜா, போனபார்ட்டின் அணிவகுப்பு, 1844 தேர்தலின் போல்க்-டல்லாஸ், லீயின் சரணாகதி. கெண்டக்கியின் எலைசா கால்வர்ட் ஹால் 1912இல் வெளியிட்ட நூலில் இவற்றை ஆசையாகத் திரட்டினார். குரல்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒரே கோலத்துக்கு ஊருக்கு ஒரு பெயர், ஒரே பெயருக்கு ஊருக்கு ஒரு கோலம். ‘லீயின் சரணாகதி’ என்ற பெயர் 1865க்குப் பிறகும் நெய்தார்கள் என்று காட்டலாம். பழைய கீற்றுக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள் என்று மட்டும்கூடக் காட்டலாம். பெயரை வைத்துத் தேதி சொல்கிறவர்கள், மூலைப் பெயரை வைத்து நெசவாளியைச் சொன்னவர்கள் விழுந்த அதே குழியில் விழுகிறார்கள்.

* * *

1851இல் கனெக்டிகட்டின் லிட்ச்ஃபீல்டில் மாவட்டத்தின் நூற்றாண்டு விழா. ஹொரேஸ் புஷ்னல் என்ற மதகுரு மேடையேறி, ‘வீட்டுநூல் யுகம்’ முடிந்துவிட்டது என்று உருக்கமாகப் பேசினார். அவர் பேசிக்கொண்டிருந்த அந்த ஆண்டில் இந்தியானாவில் ஜக்கார்டுத் தறிகள் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தன. தொழில் உயிரோடு இருக்கும்போதே அதற்கு இரங்கல் எழுதப்பட்டுவிட்டது. அந்த இரங்கலில் ஆலைத்திரி இல்லை, வங்காள நீலம் இல்லை, கூலி வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர் இல்லை; அடுப்பு வெளிச்சத்தில் தாயும் மகளும் மட்டும்.

உண்மையான முடிவு பத்தாண்டு தள்ளி வந்தது, வேகமாக வந்தது. ரயில் கொண்டுவந்த ஆலை விரிப்புகள் ஏற்கெனவே விலையைக் குறைத்திருந்தன. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. தெற்கின் பருத்தி வடக்குக்கு வருவது நின்றது, கம்பளி முழுவதும் சிப்பாய்ச் சட்டைக்கும் போர்வைக்கும் போனது, இளைஞர்கள் படைக்குப் போனார்கள். போர் முடிந்தபின் பல தறிகள் திரும்ப ஓடவே இல்லை. 1876இல் பிலடெல்பியாவில் நாட்டின் நூற்றாண்டுக் கண்காட்சி. அதன் மெமோரியல் ஹால் கட்டடத்தை உருவமாகப் போட்ட நினைவு விரிப்புகள் விசைத்தறியில் வந்து விற்றன. ஒரே அகலத் துணி. நடுத்தையல் இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை.

இன்னும் 19 ஆண்டுகள் கழித்து, வட கரோலினாவில் ஆஷ்வில்லுக்கு அருகே பிரிட்டன்ஸ் கோவ் என்ற மலைப் பள்ளத்தாக்கு. ஃபிரான்சஸ் குட்ரிச் என்ற பிரெஸ்பிட்டேரியன் ஊழியர், யேலில் ஓவியம் படித்தவர், மலைவாழ் பெண்களுக்கு ஏதாவது வருமானத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அன்பளிப்பாக ஒரு விரிப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். 40 வயதான விரிப்பு, பால்வெள்ளையில் பொன்பழுப்புக் கோலம், அந்தக் கோலத்துக்கு ‘இரட்டை வில்முடிச்சு’ என்று பெயர். அந்தப் பகுதியில் கடைத்துணி வந்தபின் அதுபோல நெய்கிறவர்கள் மிகக் குறைந்துவிட்டார்கள். குட்ரிச்சுக்கு உடனே தோன்றியது, வடக்கே நகரங்களில் இதைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள் என்று. புஷ்னலின் உரை வளர்த்துவிட்ட ஏக்கம் அங்கே காத்திருந்தது. ஓவர்ஷாட்டில் எழுத்து வராது என்பதால் அந்த விரிப்பின் மூலை வெறுமையாகவே இருந்தது. இனி மலைப்பெண்கள் நெய்யப்போவது தங்கள் கட்டிலுக்கு அல்ல, முகம் தெரியாத பாஸ்டன் வீட்டுக்கு. அப்படியானால் கோலத்தைத் தேர்ந்தெடுக்கப்போவது யார், நெய்பவளா வாங்குபவளா? அந்த வெறும் மூலைமேல் யாருடைய பெயர் ஏறப்போகிறது?

(தொடரும்)